தாமரை மொட்டுக்கு நூற்று நான்கு

சம்மந்தியம்மா,

நேற்று காலை அது நடந்தபோது வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூஜை அலமாரிக்கு முன்னால் நான். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பூக்கார முனியம்மா. கூடத்து நாற்காலியில் பேப்பரோடு என் வீட்டுக்காரர். உள் அறையில், ஏழு மாத வயிற்றை ஒருபக்கமாகச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் மகள் கலையரசி. என் மகன் குமரன் வானூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். சுவரில், படத்துக்குள் நீங்கள். உங்களை விட்டுவிட்டு எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அமாவாசை. அம்மனுக்குத் தாமரை மொட்டு, உங்களுக்கு மல்லிகைச் சரம். உங்கள் படத்தில் சரம் நழுவாமல் இருக்க ஒரு துணிக்கிளிப் வைத்திருப்பேன். அதே தட்டில்தான் சர்க்கரை பார்க்கிற உங்கள் விரல் மெஷினையும் கலை வைக்கிறாள். இரண்டும் வெள்ளை, இரண்டும் வாய் திறந்து மூடுவது. ஒரு மொட்டு தலை தொங்கிச் சாய்ந்துகொண்டே இருந்தது. விளக்குத் திரியில் கண்ணை வைத்தபடி கைக்கு வந்த கிளிப்பை எடுத்து, அந்தக் காம்பைப் பக்கத்துக் காம்போடு சேர்த்துக் கவ்வவிட்டேன். கிளிப்புக்குள் சிவப்பாக வெளிச்சம் எரிந்தது. எண்கள் ஓடின. நின்றன.

நூற்று நான்கு.

"இன்னாம்மா, தாமரைக்கு ஜுரம் பாக்கிறியா?" என்றாள் முனியம்மா.

"ஜுரம் இல்ல, சுகரு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"எவ்ளோ கீது?"

"நூத்தி நாலு."

"பரவால்லியே. என்னுதுல பாதிகூட இல்ல. தைரியமா ரெண்டு லட்டு துன்னச் சொல்லு." சிரித்துக்கொண்டே கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்குச் சற்று முன்னால்தான் கலை அதே மெஷினில் விரலை வைத்துவிட்டு, "நூத்தி நாலு அத்தை, இன்னிக்கும் நார்மல்தான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போயிருந்தாள். சதை இல்லாத, ரத்தமே இல்லாத ஒரு தண்டுக்கும் உங்கள் பெண்ணுக்கும் ஒரே எண். கிளிப்பைப் பிடுங்கி வேறொரு மொட்டில் வைத்தேன். நூற்று ஏழு. விளக்குத் துடைக்கும் துணியைச் சுருட்டி வைத்தேன். நூற்று மூன்று. படத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். என்னால் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்த மெஷின்மேல் நமக்கு நம்பிக்கை வந்தது சும்மா வரவில்லை. கொரோனா சமயத்தில் என் வீட்டுக்காரர் விரலில் இதே மாதிரி ஒரு கிளிப்பை மாட்டினோம். ஆள் தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மூச்சுக்காற்று எண்பத்தெட்டுதான் என்றது மெஷின். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். அப்போது திண்டிவனத்திலிருந்து நீங்கள் போனில் அழுதீர்கள். "அந்தப் பொட்டிக்குக் கற்பூரம் ஏத்துங்க சம்மந்தி" என்றீர்கள். நானும் ஏற்றினேன்.

அதனால்தான் போன வருடம் கலை செல்போனில் ஆர்டர் போட்டு உங்களுக்கு அந்தப் புது மெஷினை வரவழைத்தபோது நம்மில் ஒருவருக்கும் ஒரு கேள்வியும் எழவில்லை. நான் திண்டிவனம் வந்த நாள் அது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்டிக் காட்டினீர்கள்.

"பாருங்க சம்மந்தி, உங்க மருமவ எனக்கு இன்னா வாங்கியாந்துகிறான்னு. குத்தவும் வாணாம், ரத்தம் எடுக்கவும் வாணாம். லைட்டு போட்டே சக்கரையப் பாத்துடுதாம்."

"நெஜமாவா?" என்றேன்.

"சாமிக்குத் தீபாராதனை காட்டுனா மொகம் தெரியுதில்ல, அப்டிதான். வெளிச்சம் காட்டுனா ரத்தம் தெரியுது."

சொல்லிவிட்டு, கிளிப்பிலிருந்து எடுத்த விரலைக் கற்பூர ஆரத்தியில் ஒற்றுவது போல இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டீர்கள். வாழ்நாளெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போன விரல். கலை அதைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, இது பேட்டரில ஓடுறது. சாமி கெடையாது" என்றாள். இன்றைக்கு அவளும் அதே போல கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அவளுக்கே தெரியாமல் அது வந்துவிட்டது.

அன்று நான் கொண்டுவந்திருந்த அதிரசத்தில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி விரலை வைத்தீர்கள். நூற்று ஆறு.

"பாத்தியா, உங்க அத்த கை அதிரசத்துல சக்கரையே இல்ல. கஞ்சம்!" என்று கலையிடம் என்னைக் காட்டினீர்கள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் வேறு மாதிரி கேட்கிறது.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். மளிகை, பால், சீட்டு என்று எழுதிக் கூட்டினால் எங்காவது இடிக்கும். இடித்தால்தான் அது நடந்த கணக்கு. மல்லாட்டைக் கடலை விலையே காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. அதிரசம் தின்றாலும் பட்டினி கிடந்தாலும் உங்கள் எண் மட்டும் நூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவிலேயே நின்றது. அவ்வளவு வழுவழுப்பான கணக்கை நான் எங்கும் கண்டதில்லை. ஆனாலும் அதில் நமக்குச் சந்தோஷம்தான் இருந்தது.

பிறகு கார்த்திகையில் மாலை போட்டீர்கள். கலைக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் ஒன்றும் தங்கவில்லை. அவள் வயிறு நிறையட்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு சிவப்பு உடுத்தினீர்கள், செருப்பைக் கழற்றினீர்கள். அதோடு நிறுத்தவில்லை. மாலை கழற்றும்வரை உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது என்று ஒரு நியதியைச் சேர்த்துக்கொண்டீர்கள். உங்களோடு மாலை போட்டவர்களில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. "உசுரு கேக்கறேன் இல்ல சம்மந்தி, அதுக்கு நானும் ஒண்ணு அடக்கிக்கணும்" என்றீர்கள். கைத்தையலை விட்டீர்கள். ஹூக் வைக்க, ஓரம் மடித்துத் தைக்க வந்த ஜாக்கெட்டுகளை எல்லாம் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினீர்கள். ஆஸ்பத்திரியில் மாதா மாதம் விரல் குத்திப் பார்ப்பதையும் நிறுத்தினீர்கள். அதற்குத்தான் மெஷின் இருக்கிறதே. சொட்டு சிந்தாமல் ரத்தத்தைப் பார்க்கிற அது, உங்கள் விரதத்துக்கென்றே அம்மன் அனுப்பி வைத்தது போல நம் எல்லோருக்கும் பட்டது.

மாத்திரையையும் பாதியாகக் குறைத்தீர்கள். எண் நன்றாக இருக்கும்போது எதற்கு முழு மாத்திரை?

மார்கழியில் ஒருநாள் பாசஞ்சரில் வந்து உங்கள் வீட்டில் தங்கினேன். குளியலறை மூலையில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. சமையற்கட்டில் ஒன்றுகூட இல்லை. "இன்னாடா இது, சோப்ப துன்ன வருதா?" என்று நீங்கள் அலுத்துக்கொண்டீர்கள். நான் எறும்புச் சாக்பீஸ் வாங்கி வந்து சுற்றிலும் கோடு போட்டேன். கோட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வந்தன. அங்கே எதற்காக வருகின்றன என்று நாம் இருவரும் யோசிக்கவில்லை. மெஷினுக்குத் தெரியாமல் சிறுநீரில் போன சர்க்கரை எறும்புக்குத் தெரிந்திருந்தது.

தை பிறந்ததும் உங்கள் வலது குதிகாலில் சின்னதாக ஒரு புண். வெறுங்காலோடு நடந்தால் வராதா என்றீர்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டீர்கள். நான் போனில் கேட்கும்போதெல்லாம், "கால்தான் கொஞ்சம் பேஜார் பண்ணுது. மத்தபடி சுகரு நூத்தி அஞ்சு, நான் ராணி மாதிரி கீறேன்" என்பீர்கள். அதற்குப் பிறகு ஜுரம். அதற்குப் பிறகு பேச்சு குழறியது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது உங்களுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

அங்கே உங்கள் நியதியை யாரும் கேட்கவில்லை. நர்ஸ் விரலைக் குத்தினார். மீட்டரில் எண்ணே வரவில்லை. 'ஹை' என்று மட்டும் வந்தது. எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு மேலே போய்விட்டால் அப்படித்தான் காட்டுமாம்.

"வீட்ல சுகர் பாக்கறதே இல்லியாம்மா?" என்றார் டூட்டி டாக்டர்.

"தெனமும் பாத்தாங்க டாக்டர். நூத்திப்பத்து தாண்டினதே இல்ல" என்றாள் கலை.

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். அந்தப் பார்வையைக் கலை கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் நேற்று காலைவரை அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

உங்கள் கழுத்து மாலையை நர்ஸ்தான் கழற்றி என் கையில் வைத்தார். முடிக்க வேண்டிய கோயிலில் முடிக்காத மாலை. எல்லாம் ஆனபிறகு எல்லோரிடமும் கலை ஒன்றேதான் சொன்னாள்: "கால் புண்ணாலதான் போயிட்டாங்க." மாசியில் அவளுக்கு நாள் தள்ளியது. நீங்கள் கேட்டது கிடைத்தது, சம்மந்தியம்மா. கேட்ட நீங்கள் இல்லை.

அம்மா முடிக்காததை நான் முடிக்கிறேன் என்று கலை கிளம்பிவிட்டாள். குழந்தை பிறக்கிறவரை தன் உடம்பிலிருந்தும் ரத்தம் சிந்தக்கூடாதாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தவள் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். "அம்மா மெஷின்ல பாத்துக்கறேன்" என்று போகவே இல்லை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "ரத்தம் சிந்தாம எங்கம்மா வேண்டி வந்த கொழந்த அத்தை இது. நான் சிந்தினா எப்பிடி?" என்கிறாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நானும் சாமி கும்பிடுகிறவள்தானே.

சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். போன வாரம் எங்கள் குளியலறை மூலையில் எறும்பைப் பார்த்தேன். சாக்பீஸ் எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

நேற்று படையல் முடிந்ததும் செல்போனை எடுத்து உட்கார்ந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும் தமிழில் எழுதியிருப்பதை விடாமல் படித்துப் புரிந்துகொள்வேன், அது உங்களுக்குத் தெரியும். அந்தக் கிளிப்பில் ஒரு பக்கம் இரண்டு வெளிச்சம் இருக்குமாம். ஒன்று நாம் பார்க்கிற சிவப்பு. இன்னொன்று சிவப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது, நம் கண்ணுக்குப் படாது. இரண்டும் விரலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும்போது, ரத்தம் எதை எவ்வளவு விழுங்கியது என்று பார்த்து, மூச்சுக்காற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடும். காற்று சேர்ந்த ரத்தத்துக்கும் சேராத ரத்தத்துக்கும் நிறம் வேறு, அதனால் அது முடிகிறது. என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது பொய்யில்லை.

சர்க்கரைக்கு அப்படி நிறம் கிடையாது. கரைந்தால் தண்ணீரோடு தண்ணீர். அதையும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் பிடித்துவிட வேண்டும் என்று எத்தனையோ பேர் படித்துப் படித்து முயன்றுகொண்டிருக்கிறார்களாம். ஒரு நாள் பிடித்தும் விடலாம். ஆனால் அவர்கள் பிடிப்பதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்துவிட்ட மெஷின்கள் இருக்கின்றன, அவற்றை நம்பி மருந்தைக் குறைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு உங்கள் பாதி மாத்திரையை நினைத்துக்கொண்டேன்.

குமரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "அம்மா, அத ஆர்டர் போட்டது கலைம்மா" என்றான். "தெரியும்டா" என்றேன். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத. இந்த நெலமைல தாங்க மாட்டா." "சொல்லாம ரத்தம் எப்பிடிடா எடுக்கறது?" என்று கேட்டேன்.

அதனால் இன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன். உங்களைக் கேட்காமல், உங்கள் பெயரில்.

கலைக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னேன்: "உங்கம்மா கனவுல வந்தாங்கம்மா."

அவள் தலை என் கையில் அப்படியே நின்றது. "எப்பிடி வந்தாங்க?"

"செவப்புப் பொடவைல. 'எம் மாலைய நானே அம்மன் காலடில கழட்டி வெச்சிட்டேன், எம் பொண்ணு எதுக்கு இன்னும் சொமந்துக்கினு கீறா? ரத்தம் குடுக்கச் சொல்லுங்க சம்மந்தி'ன்னாங்க."

நான் வாய்திறந்து பொய் சொல்கிறவள் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதன் முன்னால் உட்கார்ந்துதான் சொன்னேன். உங்கள் குரலைக்கூடக் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். நீங்கள் பேசுவது எனக்கு அவ்வளவு பழக்கம்.

கலை மெதுவாகக் கேட்டாள். "அம்மா காலு எப்பிடி இருந்துச்சு அத்தை? புண்ணு ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா. நல்லா நடந்து வந்தாங்க."

அவள் குலுங்கி அழுதாள். அழுது முடித்துவிட்டு, "போலாம் அத்தை" என்று எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள்.

ஸ்டேஷன் பக்கத்து லேபுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். குளுக்கோஸ் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், இந்தத் தடவை உடம்பு தாங்கியது. ஊசி இறங்கியபோது என் கையை இறுக்கிக்கொண்டாள். குழாயில் ஏறிய ரத்தத்தை நான் பார்த்தேன். கறுத்த சிவப்பு, எந்த வெளிச்சமும் போகாத சிவப்பு. அதைக் கொண்டு போனதும் கலை முழங்கையில் வைத்த பஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பாருங்க அத்தை, நூத்தி நாலுதான் வரும். எங்கம்மா மெஷின் பொய் சொல்லாது."

ரிசல்ட் இன்று சாயந்திரம். குமரன் வேலை முடிந்து வரும்போது வாங்கி வருகிறான்.

அது நல்லபடியாக வந்தால் அம்மன் காலில் விழுவேன், மெஷினை ஏதாவது குளத்தில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். ஆனால் எனக்கு அந்த எறும்புகள் ஞாபகம் வருகின்றன. எண் ஏறி வந்தால் மருந்து இருக்கிறது, சாப்பாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது, குழந்தையையும் தாயையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு எனக்குப் பயமில்லை. அவள் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாளே, அதற்குத்தான் பயம். அவள் உங்கள் பெண். ஒரு ஜாக்கெட் அளவில் நூல் தப்பினால் எங்கே தப்பியது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் எழுந்திருப்பீர்கள். அவளும் அப்படித்தான் பிரித்துக்கொண்டே போவாள். தன் எண்ணிலிருந்து உங்கள் எண்ணுக்கு. உங்கள் எண்ணிலிருந்து பாதி மாத்திரைக்கு. அங்கிருந்து தன் செல்போனில் போட்ட ஆர்டருக்கு. "அப்ப அம்மா?" என்று கேட்பாள்.

மெஷினை இப்போது என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். வீட்டில் எங்கு வைத்தாலும் அவள் தேடி எடுத்துவிடுவாள். பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று பார்த்தேன், உங்கள் விரல் பட்ட இடம், மனம் வரவில்லை. இதை எழுதும்போது முடிச்சு அதன் வாயில் சிக்கியிருக்கிறது போலும். துணிக்குள்ளே சிவப்பாக எரிகிறது. எண் ஓடி நின்றிருக்கும். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

நீங்கள் வந்ததாக நான் சொன்னது பொய். அதை நீங்கள் நிஜமாக்க வேண்டும். என் கனவிலோ அவள் கனவிலோ, ஒரு கண் அயர்கிற நேரத்தில் வாருங்கள். நீங்கள் அவளைக் குற்றம் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொன்னால் ஆறுதல், நீங்கள் சொன்னால்தான் அவள் எடுத்துக்கொள்வாள். நான் அவளிடம் உண்மையைச் சொல்லட்டுமா, வேண்டாமா?

கலை சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் படுத்திருக்கிறாள். நானும் போய் அவள் பக்கத்தில் படுக்கிறேன். குமரன் வருவதற்குள் பதில் சொல்லுங்கள், சம்மந்தியம்மா.